சாலையும் காட்டுப் பாதையும் கலந்த ஓட்டம்

5 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றை நடத்துவது எளிது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு விசிலும் சில கோப்பைகளும் போதும் என்பது அவர்கள் எண்ணம். பினாங்கில் இத்தகைய சிறு பந்தயங்களில் சில ஆண்டுகளாகத் தொண்டு செய்து வருபவன் என்ற முறையில், அதன் பின்னணி வேலைகளை விளக்க விரும்புகிறேன்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு நடந்து பழகிய நமக்கு அந்த வட்டாரம் புதிதன்று. 1884-இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குச் செங்குத்தான ஜீப் பாதை ஏறுகிறது. காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. போலீஸ், மாநகர் மன்றம், வனத்துறை ஆகியவற்றின் அனுமதியை முன்கூட்டியே பெறுவதுதான் முதல் வேலை.

பாதையை வகுக்கும்போது சாலையை முதலிலும் காட்டை அடுத்தும் வைப்பது நலம். புறப்படும்போது எல்லாரும் ஒரே கூட்டமாக இருப்பார்கள். சாலையில் 2 கிலோமீட்டர் ஓடியபின் வேகத்திற்கேற்ப வரிசையாகப் பிரிந்துவிடுவார்கள். அப்போது குறுகிய பாதையில் நெரிசலும் வழுக்கி விழுதலும் குறையும். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்ண நாடா கட்ட வேண்டும். திருப்பத்தைத் தாண்டியதும் இன்னொரு நாடா தெரிந்தால், சரியான வழியில்தான் வந்தோம் என்று ஓடுபவருக்கு உறுதியாகும்.

நேரத்தைக் குறிப்பதிலும் ஒரு செய்தி உண்டு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதால், பினாங்கில் பொழுது விடிய ஏறக்குறைய 7 மணியாகிறது. ஆண்டின் தொடக்கத்தில் இன்னும் தாமதமாகும். இருட்டில் காட்டு வேர்கள் கண்ணுக்குத் தெரியா. தாமதித்தாலோ வெயில் ஏறிவிடும். ஆகவே, நன்கு வெளிச்சம் வந்தவுடன் புறப்படுவதே ஏற்றது.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் சூடும் தணியாது. ஓடுபவர் தடுமாறினாலோ, பேச்சுக் குழறினாலோ, மயங்கினாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத் தாக்காக அது இருக்கலாம். உடனே 999-ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டியில் அமர்த்தியோ, குளிர்ந்த ஈரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போர்த்தியோ குளிர்விக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களே உயிரைக் காக்கும். பரிசுக் கோப்பைக்கு முன் பனிக்கட்டிக்கே பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இடியும் அப்படியே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் பந்தயத்தை நிறுத்தி, எல்லாரையும் கட்டடத்திற்குள் சேர்க்க வேண்டும். கடைசி இடியோசைக்குப்பின் 30 நிமிடம் கழித்தே மீண்டும் தொடங்கலாம். மரத்தடி பாதுகாப்பன்று.

என் கருத்தில், பந்தயத்தின் மிக முக்கியமான தொண்டர் கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் நடந்து வருபவரே. அவரைத் தாண்டி எவரும் பின்தங்கியிருக்க முடியாது. புறப்பட்டவர் 120 என்றால், திரும்பியவரும் இடையில் விலகியவரும் சேர்ந்து 120 ஆக வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் ஒருவர் காட்டில் இருக்கிறார் என்றே பொருள். கணக்குச் சரியாகும்வரை எந்தத் தொண்டரும் வீடு திரும்பலாகாது. விலகுபவர் சொல்லிவிட்டுச் செல்வதும் கடமை.

கொடிமலையை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கட்டிய நாடாக்களையும் குவளைகளையும் அன்றே அகற்றுவது நம் பொறுப்பு. உணவுப் பைகளைத் திறந்து வைத்தால் குரங்குகள் பறித்துச் செல்லும்.

ஓட இயலாதவர்களும் இப்பணியில் பங்கு பெறலாம். திருப்பத்தில் நிற்க ஒருவர், தண்ணீர் ஊற்ற ஒருவர், எண்களைக் குறிக்க ஒருவர் எப்போதும் தேவை. உங்கள் வட்டாரத்தில் பந்தயம் நடக்கும்போது ஒரு காலைப் பொழுதை அதற்கு அளியுங்கள். புறப்பட்ட அனைவரும் நலமாக வீடு சேர்ந்தால் அதுவே நற்பணி.