ஸ்லோ குக்கர்: கொதிக்காத சூட்டை எவ்வளவு நம்பலாம்?

திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் உண்டு. காலையில் கறியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினால் மாலையில் வெந்திருக்கும் என்ற ஸ்லோ குக்கர் அவர்களுக்கு ஆசை காட்டுவதில் வியப்பில்லை. வாங்கலாம். நம் ஊர் மின்சாரத்தை நினைவில் வைத்து வாங்குங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் மாலைதான் வரும். எட்டு மணிக்கு வைத்த ஆட்டுக்கறி அரைவேக்காட்டில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் பெருகத் தோதான சூடு. திருகு வைத்த குக்கர், மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். மாலையில் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும், நடுவில் நின்றுபோனது தெரியவே தெரியாது. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. மின்தடை அறிவித்த நாளில் குக்கரை வைக்காதீர்கள். பல மணி நேரம் நின்றது தெரிந்தால், கறி என்ன விலை விற்றாலும் கொட்டிவிடுங்கள்.

ராஜ்மாவை நேரடியாக இதில் போடவே கூடாது. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாக உள்ள லெக்டின் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். 80 டிகிரி அளவிலேயே கிடந்தால் அதன் வீரியம் பச்சைக் கொட்டையில் இருப்பதைவிடக் கூடக்கூடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தி எடுக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகு குக்கருக்கு மாற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் குக்கர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் தீப்பிடிக்கலாம். இங்கே வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா என்று ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பிரஷர் குக்கர் விவகாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2021 பிப்ரவரி 1 முதல் பிரஷர் குக்கருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம். அதன் பிறகும் முத்திரையில்லாதவற்றைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. “விற்றவர் வேறு, நாங்கள் இடம்தான் கொடுத்தோம்” என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் வாங்கியிருக்கிறீர்களே என்றது. சரியான கேள்வி.

பில் தர மறுப்பதும், பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், வேங்கிக்காலில் குடியிருப்பவர் திருவண்ணாமலையிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும்.

அதுவரை பழுதான குக்கரை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்க விடாதீர்கள். கருகிய ஒயரையும் உரிம எண் ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தையும் படமெடுத்து, பில்லோடு அப்படியே எடுத்து வையுங்கள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.