சிறைச்சாலைக்குள் ஒரு திருக்கோவில்

தோழியரே, பழைய கோவிலைத் தேடிச் சிறைச்சாலைக்குப் போவார் உண்டோ? இஸ்ரயேல் நாட்டில் 2005-ஆம் ஆண்டு தேடாமலே கிடைத்தது. மெகிதோவிலுள்ள சிறையை விரிவாக்கும் முன், தொல்பொருள் ஆய்வாளர் யோதம் தெப்பர் தலைமையில் நிலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். மண் அள்ளியவர்களில் பலர் அச்சிறையின் கைதிகளே!

வெளிப்பட்டது, சிறுசிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த ஒரு தரை. பரப்பு சுமார் 54 சதுர மீட்டர். ஒரு பெரிய வகுப்பறை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மீன்களின் உருவம் இருந்தது. ‘இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்’ என்பதைக் கிரேக்க மொழியில் எழுதி முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘மீன்’ என்ற சொல் வரும். ஆகவே ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு மீன் ஓர் அடையாளம்.

இத்தரை கி.பி. 230-ஐ ஒட்டியது என்பது ஆய்வாளர் கணிப்பு. கான்ஸ்டன்டைன் மன்னர் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்ததோ 313-இல்தான். கோபுரமும் மணியும் அப்போது ஏது? ஒரு பெரிய கட்டடத்தின் கூடமே அவர்களுக்குக் கோவில். அதற்கு அருகிலேயே உரோமைப் படையின் பாளையம்!

தரையில் கிரேக்க மொழியில் மூன்று வாசகங்கள் உள்ளன. காயானுஸ் என்னும் நூற்றுவர் தலைவர் தம் சொந்தச் செலவில் இத்தரையை அமைத்தார், வேலையைச் செய்தவர் புருத்தியுஸ் என்கிறது ஒன்று. உரோமை வீரன் என்றாலே வேதகலாபனைதான் என் நினைவுக்கு வரும். இங்கோ சபையார் அவரை ‘நம் சகோதரர்’ என்கிறார்கள். திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் நாம் சொல்லும் செபமும் ஒரு நூற்றுவர் தலைவரின் சொல்லிலிருந்து வந்ததுதானே!

அக்கெப்தூஸ் என்ற பெண், கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக மேசையைக் காணிக்கை தந்தார் என்பது இரண்டாவது. இயேசுவைக் கடவுள் என்று சொல்லும் இவ்வாசகம், நிசேயா பொதுச்சங்கம் கூடுவதற்குச் சுமார் நூறு ஆண்டு முந்தியது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. பிரிமில்லா, சிரியாக்கா, தொரொத்தேயா, கிரெஸ்தே ஆகிய நால்வரை நினைவுகூருங்கள் என்கிறது. அவர்கள் யார், என்ன செய்தார்கள்? கல் சொல்லவில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் பெண்களின் பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தத் தரையிலோ பெயர் பெற்ற எழுவரில் ஐவர் பெண்கள்!

படை இடம் பெயர்ந்தபோது தரையைப் பத்திரமாக மூடிவிட்டுப் போனார்கள் போலும். அதனால்தான் அது சிதையாமல் கிடைத்தது.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் பாட்டி இறந்தோர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். சென்ற முறை கடைசியில் இந்த நான்கு பெயர்களையும் சேர்த்துவிட்டேன். “இவுங்க யாரு, நம்ம சொந்தமா?” என்றார் பாட்டி. மெகிதோவின் கதையைச் சொன்னேன். “சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

– பத்தாம் வகுப்பு மாணவி