முதலில் சீப்பு, பிறகே தண்ணீர்
(பூடில் நாய் வளர்ப்போருக்குச் சரக்கு விற்கும் வணிகர்கள் அறிய வேண்டியவை)

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் வழி. மற்றொன்று, குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் வழி. மழைக்காலத்தில் முதல் பாதையில் மண் சரிந்துவிட்டால், வண்டிகள் கொட்டச்சேடு பக்கம் திருப்பிவிடப்படுவது வழக்கம். தேக்கங்காடும், காப்பித் தோட்டங்களும், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும் உள்ள இந்தப் பகுதிக்கு வரும் சுற்றுலாக் குடும்பங்களில், நாயையும் காரில் உட்கார வைத்து அழைத்து வருவோர் உண்டு. மே மாதம் ஏற்காட்டில் நடக்கும் கோடை விழாவில், மலர்க் கண்காட்சியைப் போலவே நாய்க் கண்காட்சியும் மக்கள் கூடும் நிகழ்ச்சியாகும்.

இப்படி வரும் ஒருவர் நம் கடை முன் வண்டியை நிறுத்தி, "நாய்க்கு ஒரு சீப்பும் ஷாம்பும் குடுங்க அண்ணா" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது சுருள் சுருளாக முடி உள்ள பூடில் நாய். காலையில் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டு வந்திருக்கிறது. முடி முழுவதும் ஈரம், சருகு, ஒட்டு விதை. "குளிப்பாட்டினால் சரியாகிவிடும்" என்று ஷாம்பை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பினால், அன்றைய வியாபாரம் முடிந்தது. ஆனால் அந்த நாயின் தொல்லை அப்போதுதான் தொடங்குகிறது.

நம் நாட்டு நாய்க்கு இல்லாத தொல்லை

நாம் பார்த்துப் பழகியவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நாய்கள். இவற்றின் முடி குட்டையாக உடம்போடு ஒட்டி இருக்கும். பழைய முடி தானே உதிரும், புது முடி தானே வரும். இவற்றுக்குச் சீப்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆகவேதான் நம்மில் பலருக்கு நாய் முடி சீவுவது ஏதோ பணக்கார வீட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் இருக்கிறது.

பூடில் நாயின் முடி வேறு வகை. நம் தலைமுடியைப் போல நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் முடியும் கீழே விழாது. பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அது அடுத்த முடியைச் சுற்றும். முதலில் சிக்கு விழும். சிக்கைக் கவனிக்காமல் விட்டால் சடையாகும். சடை முற்றினால் அடியில் புண்ணாகும். இந்த மூன்று படிகளையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பூடில் என்ற பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. தண்ணீரில் துளாவுவது என்ற பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது. வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்திய வாத்தை ஏரியில் நீந்திச் சென்று கவ்வி வருவதே இதன் பழைய வேலை. நீந்துவதற்கு இடையூறாக இருந்த முடியை மழித்துவிட்டு, குளிர் தாக்காதிருக்க மார்பிலும் மூட்டுகளிலும் மட்டும் முடியை விட்டுவைத்தார்கள். படங்களில் நாம் வேடிக்கையாகப் பார்க்கும் அந்த உருண்டை உருண்டையான முடிவெட்டு, வேலைக்காக ஏற்பட்டதே அன்றி அலங்காரத்துக்காக அல்ல.

மலையில் ஏன் சடை அதிகம்?

ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனிமூட்டமும் சாரலும் உள்ள நாட்களில் துவைத்த துணி காய்வதே கடினம். அடர்ந்த சுருள் முடியின் அடிப்பாகம் எப்படிக் காயும்? மேலே தொட்டுப் பார்த்தால் உலர்ந்தது போலிருக்கும். தோலருகே ஈரம் நிற்கும்.

கம்பளிச் சட்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கி இறுகிவிடுவதை நாம் அறிவோம். பூடில் முடியிலும் நடப்பது அதுதான். சிக்கு இருக்கும்போதே ஈரம் பட்டு, நாய் ஓடியாடி உரசிக்கொண்டால், சிக்கு இறுகித் தட்டையான கம்பளித் துண்டு போல ஆகிவிடுகிறது.

இதற்கு மேல் ஒட்டு விதைகள் வேறு. வேலியோரம் வளரும் நாயுருவிக்குப் பெயரிலேயே நாய் இருக்கிறது. வேட்டியில் ஒட்டினாலே எடுக்கச் சிரமப்படுகிறோம். மருளூமத்தையின் முள்காய் இன்னும் மோசம். ஒரு முள்காய் காதோரம் மாட்டினால், அதைச் சுற்றி முடி திரண்டு கெட்டியான முடிச்சாகிவிடும்.

சடைக்கு அடியில் என்ன நடக்கிறது?

சடை பார்வைக்கு அசிங்கம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அது தோலை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நாய் நடக்கும்போதெல்லாம் வலிக்கும். அடியில் காற்றுப் புகாமல், ஈரம் நின்று, தோல் சிவந்து சீழ் கோக்கும். ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். உண்ணிகள் மறைந்திருக்கச் சடை நல்ல இடம். நாய் உண்ணி எர்லிக்கியா என்ற கிருமியைப் பரப்பி, உயிருக்கே ஆபத்தான காய்ச்சலைக் கொண்டு வரக்கூடியது. காலைச் சுற்றி இறுகிய சடை ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடுவதும் உண்டு. வாயில்லாப் பிராணி என்பதால் இவ்வளவும் வெளியே தெரியாது.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய முறை

இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சீப்போடு சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டியது இதுதான்.

1. முதலில் சீப்பு, பிறகே தண்ணீர். சிக்கு முழுவதும் எடுத்த பின்னரே குளிப்பாட்ட வேண்டும். சிக்கோடு குளிப்பாட்டினால் அது சடையாக இறுகும்.

2. மேலாக வருடுவது சீவுவது ஆகாது. ஒரு கையால் முடியை வகிடு எடுத்துத் தோல் தெரியும்படி பிடித்துக்கொண்டு, பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வரிசை வரிசையாகப் பிரஷ் போட வேண்டும். முடிந்ததும் ஸ்டீல் சீப்பைத் தோலருகிலிருந்து நுனி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கும் தடைபடாமல் வந்தால் வேலை முடிந்தது.

3. காதுக்குப் பின்புறம், அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, கழுத்துப்பட்டை உரசும் இடம் ஆகிய ஐந்து இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சடை முதலில் பிடிப்பது இங்கேதான்.

4. சிறு சிக்காக இருந்தால் விரலால் பிரித்து, அதன் அடியில் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பால் எடுக்க வேண்டும். உலர்ந்த சிக்கில் சிறிது கார்ன் ஃப்ளோர் தூவித் தேய்த்தால் முடி வழுக்கிப் பிரியும். அந்தச் சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது.

5. கத்தரிக்கோல் கூடவே கூடாது. சடை தோலைத் தன்னோடு மேலே இழுத்து வைத்திருக்கும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டியவர்கள் பலர். பெரிய சடையை முடி வெட்டும் மெஷினால் தோலோடு ஒட்டி மழிப்பதே வழி. அதைப் பழகியவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ விட்டுவிட வேண்டும்.

6. குளிப்பாட்டும்போது முடி படிந்த திசையிலேயே கையை ஓட்ட வேண்டும். வட்டமாகக் கசக்கக் கூடாது. ஷாம்பு துளியும் தங்காமல் அலச வேண்டும். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மலையில் தானாகக் காயட்டும் என்று விடுவது பெரும் தவறு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, பிரஷ் போட்டுக்கொண்டே அடிவரை உலர்த்த வேண்டும்.

முடியை நீளமாக வைத்திருப்பவர்கள் தினமும் சீவ வேண்டும். நேரம் இல்லாதவர்கள் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை உடம்பு முழுவதும் குட்டையாக வெட்டிவிடலாம். மழைக்காலத்துக்கு இதுவே சிறந்தது. குட்டி சுமார் 9 மாதத்தை எட்டும்போது குட்டி முடி போய்ப் பெரிய முடி வரத் தொடங்கும். அந்தச் சில மாதங்களில் சிக்கு பல மடங்கு விழும். "இதுவரை நன்றாகத்தானே இருந்தது" என்று வாடிக்கையாளர் வியப்பது அப்போதுதான்.

எதை வைக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

மளிகைக் கடையில் இதற்கென ஓர் அலமாரியே ஒதுக்கத் தேவையில்லை. நான்கு பொருள் போதும்: வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள பிரஷ், பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் உள்ள ஸ்டீல் சீப்பு, நாய்க்கான ஷாம்பு, நாய்க்கான கண்டிஷனர். செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் கொள்முதலுக்குப் போகிறவர்கள், சேலத்திலேயே செல்லப் பிராணிப் பொருள் விற்பவரிடம் ஒவ்வொன்றிலும் சிலவற்றை வாங்கி வைத்துப் பார்க்கலாம். மலைக் காற்றில் கம்பிப் பல் துருப்பிடிக்கும். ஆகவே பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைப்பது நல்லது. துருப்பிடித்த பிரஷ் தோலைக் கீறும். அதை மலிவு விலைக்குக்கூடத் தள்ளிவிடக் கூடாது.

மனிதர்களுக்கான ஷாம்பு நாய்க்கு ஏற்றதல்ல. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. அதன் அமிலத்தன்மையும் குறைவு. நம் ஷாம்பைத் தொடர்ந்து போட்டால் தோல் வறண்டு அரிக்கும். நாய் சொறியும், முடி மேலும் சிக்காகும். உண்ணி போக வேண்டும் என்று பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டுவோரும் உண்டு. இவை தோலைப் பொசுக்கும். நாய் நக்கினால் விஷமாகும். பினாயில் கேட்பவர் "நாய்க்குத்தான்" என்று சொன்னால், தடுத்து நிறுத்துவது நம் கடமை. ஒரு பாட்டில் விற்காமல் போனதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் எடையளவு விதிகளின்படி, ஷாம்பு பாட்டிலில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு, வரி உள்ளிட்ட அதிகபட்ச சில்லரை விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் தேவை. கேனில் வாங்கிப் பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி விற்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். சீப்பு நன்றாக விற்கிறதே என்று நாய்க்குட்டி விற்பனையில் இறங்குவது வேறு சங்கதி. அதற்கு 2018 ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சொல்லி விற்பதே விற்பனை

பெரிய கடைகளில் சீப்பு நூறு வகை தொங்கும். ஆனால் எதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஆள் இருக்காது. நம் கடையில் வகை குறைவு. சொல்ல நாம் இருக்கிறோம். அரிசியில் பழையது எது, புதியது எது என்று சொல்லி விற்றுத்தான் நம் முன்னோர் வாடிக்கையைச் சேர்த்தார்கள். நாய்ச் சீப்புக்கும் அதே வழிதான்.

ஆகவே, ஷாம்பு கேட்டு வருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சிக்கு எடுத்தாச்சுங்களா?" இல்லை என்றால் சீப்பை எடுத்துக் காட்டி, வகிடு எடுத்துச் சீவும் முறையைச் சொல்லுங்கள். சடை பெரிதாக இருந்தாலோ, புண் வாடை வந்தாலோ எதையும் விற்காமல் கால்நடை மருத்துவமனைக்கு வழி காட்டுங்கள். அடுத்த முறை மலை ஏறும்போது அந்த வண்டி நம் கடை முன்தான் நிற்கும். அந்த நாயும் வலியில்லாமல் வாலை ஆட்டிக்கொண்டு இறங்கும்.