வாங்கியது கோவையில், பழுதானது புனேயில்

மோட்டார் வண்டியின் எஞ்சின் என்பது எளிதில் தேய்ந்து போகும் பொருளன்று. காலத்தில் எண்ணெய் மாற்றி, முறையாகப் பேணிவந்தால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் அது உழைக்கும். முப்பதினாயிரம், நாற்பதினாயிரம் கிலோமீட்டருக்குள்ளாகவே அது முடங்கிவிடுமாயின், பிழை செய்தவரிடமா, ஓட்டியவரிடமா என்ற கேள்வி எழுகிறது. உற்பத்தியாளர் பெரும்பாலும் ஓட்டியவரையே சுட்டுவர். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு இதனோடு வேறொரு கவலையும் சேர்கிறது. வண்டியை வாங்கியது கோவையில், வாழ்வதோ புனேயில். வழக்கென்று வந்தால் எங்கே போவது?

இக்கவலை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பார் தொழில் நடத்தும் இடத்திலோ, வழக்கின் காரணம் தோன்றிய இடத்திலோதான் முறையிட இயலும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முறையிடுபவர் குடியிருக்கும் இடத்திலும், தாமே வேலைசெய்து பிழைக்கும் இடத்திலும் முறையிட இசைவளிக்கிறது. ஆகவே புனேவாசி புனே மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். வெளியூரில் வாழ்வோர்க்கு இச்சட்டம் அளித்த நன்மைகளுள் இதனையே தலையாயதாக நாம் கருதுகிறோம். வாடகைக் கார் ஓட்டுவோர் தமக்கு இவ்வுரிமை இல்லையென எண்ணிவிடுகின்றனர். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே ஆவார்.

ஆயினும் வழக்கின் வெற்றி ஆணையத்தில் தொடங்குவதில்லை. பணிமனை வாயிலிலேயே தொடங்குகிறது. எஞ்சின் கெடுவதற்குக் காரணங்கள் பல. எண்ணெய் வற்றினாலோ, கசடாகித் தடித்தாலோ தாங்கிகள் தேய்ந்து உருகும். மழைக்காலத்தில் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தெருவில் தேங்கும் வெள்ளத்தில் வண்டியைச் செலுத்தினால், நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிடுவதுண்டு. காற்றைப் போல நீர் அமுங்காதாகையால், பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடும். இவையிரண்டும் உற்பத்திக் குறையாகா. வார்ப்பில் விரிசல், எண்ணெய்ப் பம்பில் கோளாறு, அளவு பிசகிய தாங்கி ஆகியவையோ உற்பத்தியாளரின் பொறுப்பு. எது நேர்ந்தது என்பதை உடைந்த உறுப்புகளே சொல்லும். அவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் சொல்லுவதற்கு யாருமில்லை.

ஆதலால் எஞ்சினைப் பிரிக்குமுன், நம் முன்னிலையில் பிரிக்க வேண்டுமென எழுத்தில் கேட்பது நலம். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்துக்கொள்ளலாம். வடிக்கும் எண்ணெயில் சிறிதைத் தூய புட்டியில் அடைத்து, நாளும் கிலோமீட்டரும் குறித்து வைக்கலாம். ஜாப் கார்டில் எழுதப்பட்ட வாசகத்தைப் படித்தறியாமல் கையெழுத்திடலாகாது. அது அறியாத மொழியில் இருப்பின், தெரிந்த நண்பரை அழைத்துப் படிக்கச் சொல்வதில் வெட்கம் என்ன? வெள்ளத்தில் சென்ற வண்டி என ஒரு வரி அதில் இடம்பெற்றுவிட்டால், பின்னர் அதனை அழிப்பது அரிது. சர்வீஸ் ரசீதுகள் அனைத்தும் கைவசம் இருத்தல் வேண்டும். எண்ணெய் காலத்தில் மாற்றப்பட்டது என்பதற்கு அவையே சான்று.

குறையை மெய்ப்பிக்கும் பாரம் பெரிதும் முறையிடுபவர் மீதே விழுகிறது. சோதனையின்றித் தெளியாத குறையாயின், ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதன் கட்டணத்தை முறையிடுபவர் கட்ட வேண்டிவரும். 2010-இல் உச்ச நீதிமன்றம், எஞ்சினில் ஓசை எழுந்ததாகத் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில், சார்பற்ற நிபுணர் ஒருவர் வண்டியைச் சோதிக்க வேண்டுமென்றும், உற்பத்திக் குறை உண்டென அவர் கூறினால் வண்டியின் விலையைத் திருப்பித் தர வேண்டுமென்றும் ஆணையிட்டது. எனினும் ஆசையை அளவோடு வைத்தல் நன்று. 2006-இல் வேறொரு வழக்கில், உத்தரவாதம் பழுதான உறுப்பை மாற்றித் தருவதற்கே கட்டுப்படுத்துகிறது, முழு வண்டிக்கன்று என்று அதே நீதிமன்றம் கூறியது. எஞ்சினை மாற்றித் தருவதும், வண்டி நின்ற நாட்களுக்கான இழப்பீடும் கேட்பதே பெரும்பாலான வழக்குகளில் நியாயமான கோரிக்கை என்பது நம் கருத்து.

முதலில் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம். ஆனால் கடிதப் போக்குவரத்திலேயே காலம் கழிந்துவிடக் கூடாது. வழக்கின் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீடு சேர வேண்டும். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் தாமே வாதாடவும் இடமுண்டு. தீர்ப்பு நமக்குச் சாதகமாகி, நிறுவனம் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய விரும்பினால், 45 நாட்களுக்குள் செய்ய வேண்டும்; தீர்ப்பிட்ட தொகையில் பாதியை முன்னதாகவே கட்டியாகவும் வேண்டும்.