ஓநாய் போட்ட கணக்கு

கதை சொல்லிக் கணக்குக் கற்றுத்தரும் படப்புத்தகங்கள் பலவற்றில் இரண்டும் ஒட்டாமல் கிடக்கும். இளவரசியிடம் ஏழு ஆப்பிள், இரண்டைக் கொடுத்துவிட்டாள், மீதி எத்தனை என்று பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி நிற்கும். அதை நீக்கினாலும் கதைக்குக் குறைவில்லை. பிள்ளைகளும் அதைத் தாண்டித்தான் போவார்கள். கணக்குப் போடாமல் கதை நகராது என்ற கட்டாயம் இருந்தால்தான் இந்த முறை பலிக்கும். சுயோஷி மோரி எழுதி, மிட்சுமாசா அன்னோ படம் வரைந்து, 1986இல் ஆங்கிலத்தில் வந்த ‘சாக்ரடீசும் மூன்று பன்றிக்குட்டிகளும்’ அப்படிப்பட்டது. மூன்று பன்றிக்குட்டிகளின் பழைய கதையில் ஓநாய் ஊதி ஊதி வீட்டைத் தள்ளியது. சாக்ரடீஸ் என்ற இந்த ஓநாய் யோசிக்கிறது. மனைவிக்குப் பசி. எதிரே ஐந்து வீடுகள், மூன்று பன்றிகள். எது எந்த வீட்டில் இருக்கும்? கணக்கில் புலியான ஒரு தவளை, பெயர் பிதாகரஸ், துணைக்கு வருகிறது. ஒவ்வொரு பன்றிக்கும் 5 வாய்ப்பு என்றால் மொத்தம் 5×5×5, அதாவது 125 வகை. வீட்டுக்கு ஒன்றுதான் என்றால் 5×4×3, 60 வகை. எந்தப் பன்றி என்பதை விட்டுவிட்டு எந்தெந்த வீடுகள் என்று மட்டும் பார்த்தால் 10.

இது 11ஆம் வகுப்பின் வரிசைமாற்றமும் சேர்வும் ஆயிற்றே, சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். 11ஆம் வகுப்பில் தடுமாற வைப்பது எண்ணிக்கை அல்ல. எதை எண்ணுகிறோம் என்று தெரியாமலே கைக்கு வரும் சூத்திரம். இங்கே சூத்திரம் பின்னால்தான் வருகிறது. வாய்ப்புகள் படங்களாக விரிகின்றன, விரலால் தொட்டு எண்ணலாம். கதை வழியே கணக்கு வரும் என்பதற்குச் சான்றும் உண்டு: நெதர்லாந்தில் ஆய்வாளர் மார்யா வான் டென் ஹூவெல்-பான்ஹூயிசன் குழுவினர் மழலையர் வகுப்புகளில் மூன்று மாதம் படப்புத்தகங்களை வாசித்துக் காட்டியபோது, அந்தப் பிள்ளைகளின் கணக்குத் திறன் மற்ற வகுப்புகளைவிட உயர்ந்தது. கவனிக்க வேண்டியது, அவை கணக்குக்கென்று எழுதப்பட்ட புத்தகங்களே அல்ல.

கணக்கு நுழைந்தால் கதையின் பயம் போய்விடும் என்ற குறையில் பாதி உண்மை இருக்கிறது. பழைய கதையின் புகைபோக்கியும் கொதிக்கும் அண்டாவும் தரும் திகில் இதில் இல்லை. ஆனால் பன்றி சிக்கிவிடுமோ என்ற பயம் இருக்கிறது; எண்ணின் மேல் அக்கறை வரச் செய்வதே அதுதான். புத்தகத்தைத் தாண்டி ஒரு படி போய்ப் பார்க்கலாம்: ஓநாய் ஒரே ஒரு கதவைத் தட்டுகிறது. பன்றிகள் வீட்டுக்கு ஒன்றாகப் பிரிந்திருந்தால் 60 வகையில் 36இல் அந்த வீட்டில் ஒன்று சிக்கும். எங்கும் இருக்கலாம், சேர்ந்தும் தூங்கலாம் என்றால் 125இல் 61தான், பாதிக்கும் குறைவு. மூன்றும் ஒரே வீட்டில் என்று வைத்தால் ஐந்தில் ஒன்றுதான். ஆனால் கதவு சரியாக அமைந்துவிட்டால் மூன்றும் போய்விடும். பன்றிகள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பிள்ளைகளைச் சண்டை போட விடலாம்.