காபிக் கடைக்கு மார்க் போடுவது எப்படி? பாலாற்றங்கரையிலிருந்து சில குறிப்புகள்

இணைய வரைபடத்தில் ஒரு டீக்கடையைத் தட்டினால் நட்சத்திரம் வருகிறது. ஆனால் அந்த நட்சத்திரம் எதை அளந்தது என்று யாரும் சொல்வதில்லை. பைக் நிறுத்த இடம் இருந்ததற்கு ஒருவர் ஐந்து கொடுக்கிறார். சில்லறை இல்லை என்று சொன்னதற்கு இன்னொருவர் ஒன்று கொடுக்கிறார். இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண்ணில் காபி எங்கே இருக்கிறது?

கொஞ்ச நாளாக ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, கொஞ்சம் விலகி பேரணாம்பட்டு என்று, சங்கிலிக் கடை அல்லாத சின்னக் கடைகளாகப் பார்த்து உட்கார்ந்து குடித்து நோட்டில் எழுதி வருகிறேன். தோல் தொழில் நடக்கிற ஊர்கள் இவை. இங்கே ஒரு காபிக்கோ டீக்கோ நியாயமாக மார்க் போட வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது தூளும் இல்லை, பாலும் இல்லை, தண்ணீர்தான். ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

உலகத்து அளவுகோல் நமக்குப் பொருந்துமா?

ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் என்ற அமைப்பின் 100 மதிப்பெண் முறைதான் பல ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மணம், சுவை, பின்சுவை, புளிப்பு, அடர்த்தி என்று பத்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து. 80-ம் அதற்கு மேலும் வாங்கினால் 'ஸ்பெஷாலிட்டி'. 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள் என்று அளவு வைத்து, கரண்டியால் உறிஞ்சிக் குடித்துப் பார்ப்பார்கள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது.

நல்ல முறைதான். ஆனால் அது மார்க் போடுவது கொட்டைக்கு, கடைக்கு அல்ல. நம் ஊர் பில்டர் காபியில் சிக்கரி இருக்கும். காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி போட சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் பால், அதற்கு மேல் சர்க்கரை. இதைக் கொண்டுபோய் எத்தியோப்பியக் கொட்டைக்கான படிவத்தில் வைத்தால் பூஜ்யம்தான் வரும். அது காபியின் குற்றம் இல்லை, படிவத்தின் குற்றம்.

இருந்தாலும் அந்த அமைப்பிடமிருந்து ஒரு விஷயத்தை நாம் கடன் வாங்கலாம். காபி போடும் தண்ணீருக்கும் அவர்கள் அளவு வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 150 மில்லிகிராம் சுமார் இருக்க வேண்டும். 75-க்குக் கீழும் 250-க்கு மேலும் போகக்கூடாது.

காபிக் கடையா, டீக்கடையா?

இந்தப் பட்டையில் காபியை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி ஊர் விட்டுப்போகும். தமிழ்நாட்டில் காபி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் டீ உழைப்பவர்களின் பானமாகவும் ஆன கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கோடு இன்னும் முழுக்க அழியவில்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் டீதான் ராஜா. விடியற்காலையிலேயே பாய்லர் சூடாகிவிடும். டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். சுலைமானி கேட்டால் முகத்தைப் பார்க்காமல் போட்டுத் தருவார்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வேறு உலகம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்காக வங்காள எழுத்திலேயே பலகை வைத்திருக்கிற கடைகள். அங்கே இஞ்சியும் ஏலக்காயும் தூக்கலாக இருக்கும். நெடுஞ்சாலைக்கு வந்தால் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பித்தளை டபராவோடு வரிசையாகக் கடைகள். பாலை மானி வைத்துப் பார்த்து, தண்ணீர் கலக்காத பால் என்று உறுதி செய்ததால் 'டிகிரி' என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டபரா பளபளப்பாக இருக்கிறது என்பதற்கு என் நோட்டில் மார்க் கிடையாது.

தண்ணீருக்கு ஏன் முதலிடம்?

தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் மண்டிக்கு வருகிறது. டேனரியில் முதல் வேலை, தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. கழிவுநீரில் உப்பு ஏறுவதற்குப் பெரிய காரணம் இந்தக் கட்டம்தான். குரோமியம் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் கிணற்றைக் கரிக்க வைத்தது பெரும்பாலும் சாதாரண உப்பு.

இதன் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு அது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும், தோல் பட்டையில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக மதிப்பிடப்பட்டது என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், 'மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்' என்ற கொள்கையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று சொன்ன தீர்ப்பு அது. சட்டக் கல்லூரியில் படிக்கும் எல்லோருக்கும் நம்ம வேலூர் பெயர் தெரிந்தது இதனால்தான். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவை வெளியே விடாத முறை வந்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்று மாசு விஷயத்தில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. முப்பது வருஷம் ஆகப்போகிறது, விஷயம் முடிந்தபாடில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பாறை நிலம். டேனரி இல்லாத இடத்திலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடப்பதால் ஊற்று புதுப்பிக்கப்படுவதும் குறைவு. எல்லா உப்பும் தோலிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது.

உப்பு டம்ளருக்குள் என்ன செய்கிறது?

தண்ணீரில் கரைந்திருப்பது எல்லாம் ஒன்றல்ல. கால்சியமும் மக்னீசியமும் அளவாக இருந்தால் தூளிலிருந்து சுவையை இழுக்க உதவும். பைகார்பனேட் அதிகமானால் காபியின் இயல்பான புளிப்பைக் கொன்றுவிடும், குடித்தால் சப்பென்று இருக்கும். டீயில் நிறம் கருத்து, மேலே மெல்லிய ஏடு மிதக்கும். பால் ஏடு இல்லை, பால் போடாத டீயிலும் வரும். சோடியம் குளோரைடு மிஞ்சினால் கரிக்கும்.

"கொதிக்க வெச்சா சரியாயிடும்" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. கொதிக்கும்போது கார்பனேட் கடினத்தன்மை பாய்லரின் உள்சுவரில் வெள்ளையாகப் படிந்து கொஞ்சம் குறையும். சாதாரண உப்பு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக இன்னும் செறிவாகும். அதை எடுக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. எடுத்த உப்பு கழிவுத் தண்ணீராக வெளியே வரும். அது மறுபடி எந்த மண்ணில் இறங்குகிறது என்பது தனிக் கேள்வி.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் டி.டி.எஸ். 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை அனுமதி. காபிக்காரர்கள் கேட்கும் 250-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டப்படி குடிக்கலாம் என்கிற தண்ணீரில்கூட நல்ல காபி வராமல் போகலாம். டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும். எந்த உப்பு, குரோமியம் இருக்கிறதா என்பதையெல்லாம் சொல்லாது. ஆகவே என் மார்க் ருசிக்கு மட்டும்தான். பாதுகாப்புக்குச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஊர்க் கடைகளில் நான் முதலில் கேட்பது இதுதான்.

"பாய், டீக்கு என்ன தண்ணி?"

"கேன்தான் தம்பி. போர் தண்ணியில போட்டா வாயில வைக்க முடியாது."

"பாய்லர்லயும் கேனா?"

இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. குடிக்க வைத்திருக்கும் ஜக்கில் கேன் தண்ணீர், பாய்லரில் போர் தண்ணீர் என்றால், டீயில் இறங்குவது போர்தான். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் வரும் தெருக்களில், குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து டீ போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கணக்குக்காக ஒன்று. ஒரு டீ 100 மில்லி, அதில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேனில் 400 டீ வரும். அதாவது டீ போட மட்டும் கேன் வாங்குவது பெரிய சுமை இல்லை. டம்ளர் கழுவத்தான் தண்ணீர் கட்டுப்படியாகாது. அதனால் கழுவுவது போர் தண்ணீரில். கவிழ்த்துவைத்த கண்ணாடி டம்ளர் காய்ந்த பிறகு விளிம்பிலும் அடியிலும் வெள்ளைப் பூத்திருந்தால் அந்தத் தெருவின் நிலத்தடி நீர் எப்படி என்று மீட்டர் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

'மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும்' என்று நீதிமன்றம் சொன்னது. டீக்கடை அளவில் பார்த்தால் செலுத்துவது பாய்தான், தினமும், கேன் கேனாக. ஆனால் அந்த டீயைக் குடிப்பவர்களும் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்களே. கம்பெனி மூடினால் கடையும் மூட வேண்டியதுதான். அவரிடம் கேட்டுப் பாருங்கள், டேனரியைத் திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். அடுத்த கேனுக்கு போன் போடுவார்.

என் மார்க் ஷீட்

மொத்தம் 100:

தண்ணீர்: 30. முதலில் பால் இல்லாத டீ, அல்லது வரக்காப்பி, சர்க்கரை இல்லாமல் ஒரு வாய். பாலும் சர்க்கரையும் கரிப்பை மறைத்துவிடும், அதனால் இந்த வரிசை முக்கியம்.

டிகாஷன் அல்லது டீத்தூள்: 25. டிகாஷன் எப்போது இறக்கியது, சிக்கரி எவ்வளவு (பாக்கெட்டிலேயே சதவீதம் போட்டிருக்கும்), டீ என்றால் வடிகட்டிப் பையில் பழைய தூளின் மேலேயே புதுத் தூள் விழுகிறதா.

பால்: 15. காலையிலிருந்து கொதித்துக்கொண்டே இருக்கும் பாலுக்கு ஒரு காய்ந்த வாடை உண்டு. மாலையில் போனால் தெரியும்.

மாஸ்டரின் கை: 10. கூட்டம் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி வருகிறதா?

டம்ளர் சுத்தம்: 10. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடை. கண்ணாடியில் கொடுத்து ஒழுங்காகக் கழுவும் கடைக்கு முழு மார்க்.

உட்கார இடம்: 10. குறிப்பாக, பெண்கள் உட்கார்ந்து குடிக்க முடிகிறதா? ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கம்பெனி வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஆண்கள். பெண்கள் பார்சல் வாங்கிப் போகிறார்கள், அல்லது குடிக்காமலே பஸ் ஏறுகிறார்கள். நான் பார்த்ததில் அதிகக் கடைகள் மார்க் இழப்பது இங்கேதான். சரிசெய்ய ஆகும் செலவு ஒரே ஒரு பெஞ்ச்.

இவை தவிர மார்க் இல்லாத ஒரு விதி உண்டு: எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே இடம். இதில் பாஸ், பெயில் மட்டும்தான். சென்னை திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் இயக்கத்தினர் மறியல் செய்தது 1957-ல். இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. இதில் தவறும் கடையின் டீ தேவாமிர்தமாக இருந்தாலும் என் நோட்டில் ஏறாது.

ஒரு கடைக்குக் குறைந்தது மூன்று தடவை: விடியற்காலை, பதினோரு மணி, மாலை. ஒரே தடவை குடித்துவிட்டு எழுதுவது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம். கடைப் பெயர்களை இங்கே போடாததற்கும் காரணம் உண்டு. மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டால் என் 85 அடுத்த வாரமே 60 ஆகிவிடும், ஆனால் எழுதியது அப்படியே நிற்கும். பெரிய சங்கிலிக் கடைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நான்கு பெஞ்ச் போட்ட கடைக்கு ஆகும்.

அதனால் முடிவுகளைவிட முறையைத் தருவதே உபயோகம் என்று நினைக்கிறேன். உங்கள் தெருக் கடையில் நாளைக்கு ஒரு பால் இல்லாத டீ சொல்லுங்கள். பாய்லரில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது போலத்தான் பதில் சொல்வார்கள். வேலூர் பக்கம் இல்லாத ஊர்க்காரர்கள் தண்ணீருக்குப் போட்ட 30-ஐக் குறைத்து, அந்த மார்க்கை டிகாஷனுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். பாலாற்றங்கரையில் இருக்கிறவரை எனக்கு 30 சரியாகத்தான் படுகிறது.