மண் தடம் – 7: ஐந்து நீதிபதிகள், ஒரு வரைபடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘கிரீன் லேனிங்’ என்பது பந்தயம் அல்ல, தார் போடாத பொதுப் பாதைகளில் பைக்கில் நிதானமாகப் போவது. இது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். வண்டியையும் சென்ற வாரமே பேசி முடித்துவிட்டோம். இந்த வாரம் டயரும் காற்றழுத்தமும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

டயருக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு தீர்ப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க அதுவே என்னைப் பிடித்து வைத்திருந்தது.

2015 மார்ச் மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் ஒரு கேள்விக்கு விடை சொன்னார்கள். 1:50,000 அளவுள்ள வரைபடத்தைக் கணினியில் பெரிதாக்கி 1:25,000 அளவில் அச்செடுத்தால், அது 1:25,000 அளவில் வரைந்த வரைபடமாகச் செல்லுமா? செல்லும் என்று மூன்று பேர், செல்லாது என்று இரண்டு பேர். அந்த ஒரு நீதிபதி வித்தியாசத்தில் டோர்செட் மாவட்டத்தின் ஐந்து மண் பாதைகள் விசாரணைக்கு உயிரோடு திரும்பின.

இதில் பைக் எங்கே வந்தது என்று கேட்கலாம். அங்கேதான் எல்லாமே இருக்கிறது.

புதிதாக வருகிறவர், தார்ச்சாலை முடிந்து புல்லும் சேறும் தொடங்கும் இடத்தில் சாலைச் சட்டமும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். சட்டம் சொல்வது நேர் எதிர். 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 34-ஆம் பிரிவின்படி, உரிய அதிகாரம் இல்லாமல் சாலையல்லாத நிலத்திலோ, நடைபாதையிலோ, குதிரைப் பாதையிலோ மோட்டார் வண்டி ஓட்டுவது குற்றம். ஆகவே நீங்கள் சட்டப்படி ஓட்டுகிற சேற்றுத் தடம், சட்டத்தின் கண்ணில் ஒரு முழுச் சாலை. உரிமம், இன்சூரன்ஸ், நம்பர் பிளேட், மூன்று வருடம் தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. சான்று எல்லாம் வேண்டும். பதிவு செய்யாத மின்சார பைக்கோடு காட்டுக்குள் புகுந்து, சத்தமே வரவில்லையே என்று சொன்னாலும் கணக்கு ஒன்றுதான். கவனமில்லாமலோ, இந்த மாதிரிச் சட்டவிரோதமாகவோ ஓட்டி மக்களுக்குத் தொல்லை கொடுத்தால், வண்டியையே பறிமுதல் செய்யும் அதிகாரத்தை 2002-ஆம் ஆண்டின் சட்டம் போலீஸுக்குக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் எந்தத் தடம் சாலை, எது நடைபாதை என்று யார் முடிவு செய்வது? மண்ணைப் பார்த்தால் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே அகலத்தில், ஒரே வேலி ஓரமாகப் போகும் இரண்டு தடங்களில் ஒன்றில் பைக் போகலாம், மற்றதில் போனால் குற்றம். முடிவு காகிதத்தில் இருக்கிறது. வண்டிப்பாதைத் தகராறுக்குப் புல வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காகிதம் 1949-ல் தொடங்குகிறது. தேசியப் பூங்காக்கள் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் தன் பொதுப் பாதைகளுக்கு ஒரு ‘டெஃபினிட்டிவ் மேப்’ தயாரிக்க வேண்டும் என்றது. ஊர் ஊராக நடந்து குறித்தார்கள். நடப்பவர்களுக்கான பாதை, குதிரைக்கான பாதை என்று இரண்டு வகை தெளிவாக இருந்தன. மூன்றாவதாக ஒரு வகை வைத்தார்கள்: பொதுப் பாதையாகப் பயன்படும் சாலை. ரைடர்கள் இதை ‘ரப்’ என்பார்கள். இதில் வண்டி போகலாமா என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தத் தெளிவின்மைதான் அரை நூற்றாண்டுச் சண்டைக்கு விதை. 1968-ல் இன்னொரு சட்டம் வந்து, எல்லா வகைப் போக்குவரத்துக்கும் திறந்த பைவே என்று ஒரு தெளிவான வகையை உண்டாக்கியது. இன்று ரைடர்கள் ‘போட்’ என்று சொல்வது இதைத்தான்.

இங்கிலாந்தின் பொதுவழிச் சட்டத்தில் ஒரு பழைய கோட்பாடு உண்டு. ஒருமுறை பொதுச் சாலை என்றால் என்றைக்கும் பொதுச் சாலைதான். நூறு வருடம் யாரும் போகாமல் முள் மண்டிக் கிடந்தாலும் உரிமை சாகாது. வேல்ஸிலிருந்து மாட்டு மந்தைகளை லண்டன் சந்தைக்கு ஓட்டிச் சென்ற தடமும், தபால் வண்டி போன தடமும், ரயில் வந்தபின் வெறிச்சோடினாலும் சாலையாகவே இருந்தன. குதிரை வண்டிக்கு இருந்த உரிமை மோட்டார் பைக்குக்கும் உண்டு என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1970-ல் தொடங்கிய டிரெயில் ரைடர்ஸ் ஃபெல்லோஷிப், சுருக்கமாக டி.ஆர்.எஃப்., பழைய ஆவணங்களைத் தேடி இப்படிப்பட்ட பாதைகளின் உரிமைக்காக வாதாடுவதையும் தன் வேலையாக வைத்துக்கொண்டது. பைக் சங்கம் என்றால் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் சங்கமும்கூட என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2006 மே 2-ஆம் தேதி அந்தக் கோட்பாட்டில் ஒரு வெட்டு விழுந்தது. இயற்கைச் சூழல் மற்றும் கிராமச் சமூகங்கள் சட்டத்தின் 67-ஆம் பிரிவு இங்கிலாந்தில் அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவாகாமல் இருந்த மோட்டார் உரிமைகள் பெரும்பாலும் அன்றோடு போயின. மிச்சமிருந்த ‘ரப்’ பாதைகளெல்லாம் அதே நாளில் ‘ரெஸ்ட்ரிக்டட் பைவே’ ஆயின. அதில் குதிரை வண்டி போகலாம், சைக்கிள் போகலாம், மோட்டார் போகக்கூடாது. வேல்ஸுக்கு இந்தச் சட்டம் அதே வருடம் சற்றுப் பின்னால் வந்தது.

சில விதிவிலக்குகள் வைத்தார்கள். மாவட்டம் தன் செலவில் பராமரிக்கும் தெருக்களின் பட்டியலில் இருந்து, டெஃபினிட்டிவ் மேப்பில் இல்லாத பாதை தப்பியது. 1930 டிசம்பர் 1-க்கு முன்பே மோட்டார் வண்டிகள் ஓடி, அந்த ஓட்டத்தாலேயே உரிமை உண்டான பாதையும் தப்பியது. அந்த வருடச் சாலைச் சட்டம்தான் நடைபாதையிலும் குதிரைப் பாதையிலும் மோட்டார் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. தேதி அங்கிருந்து வருகிறது.

இந்த 1930 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது லேண்ட்ஸ் எண்ட் டிரயல். 1901-ல் தொடங்கிய மோட்டார் சைக்கிளிங் கிளப் 1908-லிருந்து நடத்தி வரும் நெடும்பயணப் போட்டி அது. இன்றும் ஈஸ்டரை ஒட்டி நடக்கிறது. எக்ஸ்மூர் பக்கத்தில் பெக்கர்ஸ் ரூஸ்ட் என்று ஒரு செங்குத்தான ஏற்றம். 1920-களிலிருந்தே போட்டிக்காரர்களின் காலை வாரிய இடம். மண் பாதையில் பைக் என்பது நேற்று முளைத்த பழக்கம் என்று சொல்பவர்களுக்கு, நூறு வருடத்துக்கு முன் அந்த மேட்டில் டையும் கோட்டுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பவர்களின் படங்களைக் காட்டலாம்.

டோர்செட்டுக்குத் திரும்புவோம். இன்னொரு விதிவிலக்கும் இருந்தது. 2005 ஜனவரி 20-க்கு முன், இந்தப் பாதையைப் பைவேயாகப் பதிவு செய்யுங்கள் என்று முறையாக மனுக் கொடுத்திருந்தால் உரிமை பிழைக்கும். ‘முறையாக’ என்பதற்குள்தான் எல்லாச் சிக்கலும். 2008-ல் வின்செஸ்டர் கல்லூரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆதார ஆவணங்களைப் பட்டியல் போட்டால் போதாது, நகலை இணைத்திருக்க வேண்டும். இணைக்காத மனு மனுவே அல்ல. பல வருட உழைப்பு ஜெராக்ஸ் இல்லாமல் வீணானது.

அதற்குப் பின் டோர்செட் கவுன்ட்டி கவுன்சில் தன்னிடம் இருந்த ஐந்து மனுக்களை எடுத்துப் பார்த்தது. விதிப்படி வரைபடம் 1:25,000-க்குக் குறையாத அளவில் வரையப்பட்டிருக்க வேண்டும். மனுதாரர்கள் கொடுத்ததும் அந்த அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் மூல வரைபடம் 1:50,000. மென்பொருள் பெரிதாக்கியிருந்தது. கவுன்சில் நிராகரித்தது. டி.ஆர்.எஃப். வழக்குப் போட, உயர் நீதிமன்றம் கவுன்சில் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் டி.ஆர்.எஃப். பக்கம் வந்தது. கவுன்சில் உச்ச நீதிமன்றம் போனது.

நான் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் படித்தேன். மறுத்த இருவரின் வாதம் லேசானதல்ல. ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:50,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டர். 1:25,000-ல் நான்கு. வித்தியாசம் நீளத்தில் மட்டும் இல்லை. பெரிய அளவு வரைபடத்தில் வயல்களின் எல்லை, வேலி, கல்சுவர் எல்லாம் கோடுகளாக வரும். சிறியதில் அவை கிடையாது. சிறியதை எவ்வளவு இழுத்தாலும் இல்லாத வேலி முளைக்காது. பாதை வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிலத்துக்காரர் கேட்டால் என்ன பதில்? ஆனால் பெரும்பான்மை மூவரின் பார்வையே எனக்குச் சரியாகப் படுகிறது. விதி கேட்டது அளவு. எவ்வளவு விவரம் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எந்தப் பாதை என்று அடையாளம் காண முடிந்தால் வரைபடத்தின் வேலை முடிந்தது. சாதாரணக் குடிமகன் வீட்டுக் கணினியில் அச்செடுத்த தாளை, நில அளவையாளர் பேனாவால் வரையவில்லை என்று தள்ளினால், உரிமை வக்கீல் வைக்க வசதி உள்ளவனுக்கு மட்டும் மிஞ்சும்.

தீர்ப்பால் பாதைகள் அன்றே திறந்துவிடவில்லை. மனுக்களை ஏற்று விசாரிக்கும் கடமை கவுன்சிலுக்கு வந்தது, அவ்வளவே. 2004-ல் கொடுத்த மனுவை ‘மனுதான்’ என்று நிலைநாட்டப் பத்து வருடத்துக்கு மேல். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரத்தில் கடந்துபோகும் தடத்துக்குப் பின்னால் இப்படி யாரோ உட்கார்ந்து எழுதிய காகிதக் கட்டு இருக்கலாம்.

அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் முதல் சிபாரிசு ஹெல்மெட்டுக்குப் பிறகு வரைபடம். ஆரஞ்சு அட்டை போட்ட எக்ஸ்ப்ளோரர் வரிசை வாங்குங்கள், அது 1:25,000. பச்சைக் கூட்டல் குறிகள் வரிசையாகப் போனால் அது பைவே, உங்களுக்கு உரியது. குட்டைப் பச்சைக் கோடுகள் நடப்பவர்களுக்கு, நீளக் கோடுகள் குதிரைக்கு. இரண்டிலும் சக்கரத்தை வைக்காதீர்கள். பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் ‘யு.சி.ஆர்.’ எனப்படும் வகைப்படுத்தாத கவுன்ட்டி சாலைகள். பலவற்றில் வண்டி போகலாம், எல்லாவற்றிலும் அல்ல. தெருக்கள் பட்டியலில் பெயர் இருப்பதுகூட முழு நிரூபணம் ஆகாது. கவுன்சிலின் பாதைகள் பிரிவைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அச்சு வரைபடம் சட்ட ஆதாரமும் அல்ல. ஆதாரம் கவுன்சிலிடம் இருக்கும் டெஃபினிட்டிவ் மேப்.

அதோடு தடை உத்தரவுகளையும் பார்க்க வேண்டும். டி.ஆர்.ஓ. என்ற போக்குவரத்து ஒழுங்கு உத்தரவு போட்டு, பைவேயிலும் மோட்டாரைத் தடுக்கலாம். வரைபடத்தில் அது தெரியாது. பாதை முகப்பில் பலகை இருக்கும். பீக் டிஸ்ட்ரிக்டில் சேப்பல் கேட் பாதை அப்படித்தான் மூடப்பட்டது. ரிட்ஜ்வே என்ற தொன்மையான மேட்டுத் தடத்தின் பல பகுதிகள் குளிர்மாதங்களில் மோட்டாருக்கு மூடியிருக்கும், ஈரத்தில் சக்கரம் சுண்ணாம்பு மண்ணை அறுத்துவிடும் என்பதால். இந்தத் தடையோடு எனக்குச் சண்டை இல்லை. மழைக்காலத்தில் ஒரு பாதையைக் கிழித்துப்போட்டால் அடுத்த வருடம் நிரந்தரத் தடைக்கு நாமே சாட்சி கொடுத்தவர்கள் ஆவோம்.

சால்ஸ்பரி பிளெய்னில் சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிடுங்கள், அது ராணுவப் பயிற்சி நிலம். அதன் நடுவே இம்பர் என்ற கிராமம் இருக்கிறது. 1943-ல் போர்ப் பயிற்சிக்காக மக்களைக் காலி செய்தார்கள், திரும்பக் குடியேற விடவே இல்லை. தேவாலயம் மட்டும் வருடத்தில் சில நாட்கள் திறக்கும். அந்தக் கிராமத்தின் கதைக்கே ஒரு வாரம் வேண்டும்.

சென்ற வாரம் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயனைப் பற்றி எழுதியதைப் படித்து நிறையப் பேர் கேள்வி கேட்டிருந்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி, ரெட்டிச்சில் பிறந்த பெயரோடு பிரிட்டன் பாதைகளுக்குப் போகும் வண்டி. எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் 200 கிலோவை ஒட்டிய எடை. உலர்ந்த அகலமான பைவேக்குப் போதும். ஈரமான சக்கரத் தடப் பள்ளத்தில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்குவது கடினம். முதல் வண்டிக்கு, அதைவிட 60 கிலோவுக்கு மேல் குறைந்த பழைய யமஹா செரோ 225 தான் இன்னும் என் தேர்வு.

முதல் பயணம் தனியாக வேண்டாம். டி.ஆர்.எஃப். உள்ளூர்க் குழுக்களில் பழகியவர்களோடு போங்கள், ஆறு பேருக்கு மேல் சேராமல். கேட் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டு வாருங்கள். எதிரே குதிரை வந்தால் ஓரமாக நின்று எஞ்சினை அணைத்து, குதிரைக்காரர் கடந்த பிறகு கிளப்புங்கள்.

பக்கம் நிரம்பிவிட்டது, அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். டயருக்கு இப்போதைக்கு ஒன்று: மோட்டோகிராஸ் டயர் மலிவாகக் கிடைத்தாலும் சாலைக்கு அனுமதியான ‘ஈ’ முத்திரை இல்லை என்றால் வாங்காதீர்கள், நீங்கள் ஓட்டப்போவது சாலை. டிரயல்ஸ் டயரா எண்டூரோ டயரா, எத்தனை பி.எஸ்.ஐ. காற்று, ரிம் லாக் எதற்கு என்பதெல்லாம் அடுத்த வாரம்.